பழைய ஓவியர்களைப் பார்த்து நகல் எடுத்தா போர்ட்ரெய்ட் கைக்கு வருமா? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

கிருஷ்ணகிரி_தூரிகை

வணக்கம். கிருஷ்ணகிரியில படத்துக்கு பிரேம் போடுற கடை வச்சிருக்கேன். கூடவே ஆர்டருக்கு முகம் வரைஞ்சு தர்றேன். முக்கால்வாசி இறந்தவங்க படம்தான். ஆதார் போட்டோ, கல்யாண ஆல்பத்துல ஓரமா நிக்கிற ஒரு படம், இப்படி எதையாவது கொண்டு வந்து "அப்பா மாதிரியே இருக்கணும்"னு சொல்லிட்டுப் போவாங்க. கட்டம் போட்டு வரைவேன், ஜாடை வந்துடும். வாங்கிட்டுப் போறவங்களுக்குத் திருப்திதான், எனக்குத்தான் இல்ல. முகம் தட்டையா இருக்கு. போட்டோ மேல கலர் அடிச்ச மாதிரி. மூக்கோரம் நிழல் போட்டா நிழலாத் தெரியல, அழுக்கா தெரியுது.

ஒரு பெரிய ஓவியரோட படத்தை எடுத்து அப்படியே நகல் எடுத்துப் பழகலாம்னு இருக்கேன். மனசுல இருக்கிறது ரவி வர்மா. வீட்டுல தாத்தா காலத்து லட்சுமி படம் ஒண்ணு இருக்கு, அதை வச்சே ஆரம்பிக்கலாமா? கேன்வாஸ், ஆயில் கலர் எல்லாம் கையில இருக்கு. நகல் எடுக்கிறது கெட்ட பழக்கம், சொந்தக் கை போயிடும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தகடூரான்

தம்பி, பயப்படாதே. நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம். போர்டு வேலைக்குச் சேர்ந்தா முதல்ல பிரஷ் கழுவணும். அப்புறம் எழுத்து அவுட்லைனுக்குள்ள பெயின்ட் நிரப்பணும். அதுக்கும் அப்புறம்தான் வாத்தியார் வரைஞ்ச எம்.ஜி.ஆர். முகத்தைப் பார்த்து இன்னொரு எம்.ஜி.ஆர். போட விடுவார். அவர் கன்னத்துல எங்க ரோஸ் வச்சாரோ அங்கதான் வைக்கணும், நம்ம இஷ்டத்துக்கு வச்சா திட்டு விழும். சொந்தக் கை எல்லாம் தானா வரும். தருமபுரியில சுவர் இருந்த வரைக்கும் எங்களுக்கு வேலையும் இருந்துச்சு, ஃப்ளெக்ஸ் வந்துச்சு, போச்சு. அதை விடு.

கட்டத்தைக் குறைச்சுப் பேசாதே. கைக்கடக்கமான ஒரு ஸ்டில் போட்டோவை வச்சுக்கிட்டு வீட்டு உயரத்துக்கு கட்-அவுட் ஏத்தினது கட்டத்தாலதான்.

ஆனா சாமி ரூம்ல மாட்டியிருக்கிற படத்தை வச்சுக் கத்துக்காதே. அதுல பிரஷ் வேலை எதுவும் தெரியாது.

பழைய_வார்னிஷ்

தகடூரான் அண்ணன் கடைசியா சொன்னதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், ஏன்னா பல பேர் மாட்டிக்கிற இடம் இது.

உங்க வீட்டு லட்சுமி ரவி வர்மாவோட ஓவியம் இல்ல. அவர் 1894-ல் பம்பாய் காட்கோபர்ல அச்சகம் ஆரம்பிச்சார். அங்க அவரோட எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லுன்னு வச்சு, அச்சகத்து ஆட்கள் புள்ளி புள்ளியா கல்லு மேல வரைஞ்சாங்க. அத்தனை கல்லும் ஒண்ணு மேல ஒண்ணா அச்சாகி வந்தாதான் ஒரு லட்சுமி. அதுக்கப்புறம் அந்த அச்சைப் பார்த்து காலண்டர்காரங்க அடிச்சது தனிக் கதை. அந்தக் கன்னத்து நிழலை நீங்க நகல் எடுத்தா, ஒரு அச்சுத் தொழிலாளி ரவி வர்மாவை எப்படிப் புரிஞ்சுக்கிட்டார்ங்கிறதைத்தான் கத்துப்பீங்க. வேணும்னா அது நல்ல பாடம்தான், ஆனா நீங்க கேட்ட பாடம் இல்ல.

ரவி வர்மா எப்படிக் கத்துக்கிட்டார்னு பாருங்க. திருவனந்தபுரம் அரண்மனையில ஓவியரா இருந்தவர் மதுரைப் பக்கத்து ராமசாமி நாயக்கர். பையனுக்கு எண்ணெய் வண்ணம் சொல்லிக் கொடுக்க அவருக்கு மனசு வரல. அவரோட சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாம வந்து சொல்லிக் கொடுத்தார்னு சொல்வாங்க. 1868-ல் தியோடர் ஜென்சன்னு ஒரு ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் எடுக்கல, வரையும்போது பக்கத்துல நின்னு பார்க்க மட்டும் விட்டார். அரண்மனைச் சுவர்ல முடிஞ்ச படங்கள் ஏற்கெனவே தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது போதாம இந்தப் பாடுபட்டது எதுக்கு? எதுக்கு மேல எது வருதுங்கிற வரிசை முடிஞ்ச படத்துல மறைஞ்சு போயிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நகல் எடுக்கணும். மேல தெரியறதை மட்டும் பார்த்து ஒட்டிக்கிட்டே போனா அது பெரிய சைஸ் ஜெராக்ஸ்.

ரவி வர்மாதான் வேணும்னா நேர்ல பாருங்க. எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்புல இருக்கு, மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில இருக்கு. அந்தப் பகுதி திறந்திருக்கான்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க.

பென்னாகரம்_டீச்சர்

பள்ளிக்கூடத்துல ஓவிய ஆசிரியரா இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். முதல் நகலுக்கு ரவி வர்மா வேண்டாம் தம்பி. நகை, சரிகை, பட்டு மடிப்புன்னு கண்ணு அங்கேயே போயிடும், முகத்துக்கு வர்றதுக்குள்ள சலிச்சுடும்.

என் தேர்வு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். அவர் 22 வயசுல, 1628 வாக்குல வரைஞ்ச சுய உருவப்படம் ஒண்ணு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு. அளவு 22.6 × 18.7 சென்டிமீட்டர்தான், ஏ4 தாளுக்குள்ள அடங்கிடும். அந்த மியூசியமே பெரிய ஃபைலா இலவசமா இறக்கிக்க விடுது. நிஜ அளவுலயே பிரின்ட் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கலாம், பெருசாக்குற வேலையே இல்ல.

அந்தப் படத்துல வெளிச்சம் பின்பக்கமா வந்து ஒரு கன்னம், காது மடல், கழுத்து மேல மட்டும் விழுது. கண்ணு ரெண்டும் இருட்டுல இருக்கு. நாம முகம்னா கண்ணுலதான் ஆரம்பிப்போம், இமை மயிர் வரைக்கும் எழுதுவோம். இவர் கண்ணை ஏறக்குறைய எழுதவே இல்ல, ஆனாலும் நம்மைப் பார்க்குறார். உங்க மூக்கோர அழுக்குக்கு மருந்து அங்க இருக்கு. நிழலுக்குள்ள இருக்கிற எதையும் வெளிச்சத்துல இருக்கிற அளவுக்குத் துலக்கக்கூடாது.

செய்ய வேண்டியது: கலரை மறந்துடுங்க. பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பழுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. கண்ணை இடுக்கிப் பார்த்து இருட்டு, நடு, வெளிச்சம்னு மூணே டோன்ல பிரிச்சுப் போடுங்க. தலைகீழாத் திருப்பி வச்சும் ஒரு தடவை செய்யுங்க, மூக்கு கண்ணுன்னு மனசு பேர் வைக்காம இருக்கும். பேர் வச்சாச்சுன்னா கை பழைய வழிக்கே போயிடும்.

தகடூரான் அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது. இதுக்குக் கட்டம் வேண்டாம்.

தகடூரான்

கோவம் எல்லாம் இல்ல டீச்சர். ஆனா கட்டம் இல்லாம ஆரம்பிக்கிற பையன் ஒரு கண்ணைக் காதுக்குப் பக்கத்துல கொண்டு போய் வைப்பான். அதைத் திருத்துறதுலயே நாள் போயிடும், நிழல் எப்போ கத்துக்கிறது?

பென்னாகரம்_டீச்சர்

திருத்துறதுதான் அண்ணா பாடமே. கட்டத்துக்குள்ள வர்ற கோட்டை மட்டும் பார்த்து வரைஞ்சா, முழு முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமலே முடிச்சுடலாம். எட்டாவது பசங்ககிட்ட தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு படம் அச்சா வரும். கட்டத்தை எடுத்துட்டு எதிர்ல ஒரு ஆளை உட்கார வச்சா கை நடுங்கும்.

பழைய_வார்னிஷ்

ஐரோப்பாவுல மறுமலர்ச்சிக் காலத்துலயே சின்ன வரைபடத்தைச் சுவருக்குப் பெருசாக்கக் கட்டம் போட்டிருக்காங்க, அதனால கட்டம் ஒண்ணும் கீழ்சாதி இல்ல. ஆனா அந்தச் சின்ன வரைபடத்தை அவங்க கண்ணால பார்த்து வரைஞ்சிருந்தாங்க. பெருசாக்க மட்டும் கட்டம். ரெண்டு பேர் சொல்றதும் வேற வேற கட்டத்துக்குப் பொருந்தும். (சிலேடை தானா வந்துடுச்சு, மன்னிக்கணும்.)

கை இன்னும் தடுமாறுதுன்னா சார்ல் பார்க் தயாரிச்ச வரைபடப் பாடங்களைத் தேடுங்க, 1866-லிருந்து 1871 வரைக்கும் பாரிஸ்ல வந்தது. பார்த்து வரையறதுக்குன்னே செஞ்ச தாள்கள். வான் கோ அதை வச்சுத்தான் பழகினார், சாகிற வருஷமும் திரும்ப எடுத்துப் போட்டார்.

சொந்தக் கை போயிடும்னு பயமுறுத்தினவருக்கும் பதில் சொல்லிடறேன். ரூபன்ஸ் 50 வயசைத் தாண்டி, ஊரே கொண்டாடுற ஓவியரா இருந்தப்போ 1628-ல் மாட்ரிட் போய் உட்கார்ந்து தனக்கு முந்தின காலத்து ஓவியர் டிஷியனை நகல் எடுத்தார். போர்ட்ரெய்ட்டுக்குப் பேர் போன சார்ஜென்ட் 1879-ல் மாட்ரிட் பிராடோ மியூசியத்துல பழைய ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸை நகல் எடுத்தார், அடுத்த வருஷம் ஹாலந்து போய் ஃப்ரான்ஸ் ஹால்ஸை. ரெண்டு பேர் கையையும் யார் கையோடவும் யாரும் குழப்பிக்கல.

ஓசூர்_ஷிஃப்ட்

நான் கம்பெனி வேலை, லீவு நாள்ல வரையறவன். ஒரு எச்சரிக்கை: போனைப் பார்த்து வரையாதீங்க. திரை தானா ஒளி விடுது, பெயின்ட் விடாது. பிரைட்னஸை ஏத்தி இறக்கினா நிழலே மாறிடும். டீச்சர் சொன்ன மாதிரி பிரின்ட் எடுத்து, உங்க கேன்வாஸ் மேல விழுற அதே வெளிச்சத்துல வைங்க. ட்யூப்லைட்டுக்கு அடியில கலந்த கலர் காலையில ஜன்னல் வெளிச்சத்துல வேற ஆளா நிக்கும்.

இன்னொண்ணு, பழைய படத்துல இப்போ தெரியற கலர் எல்லாம் ஓவியர் வச்ச கலர் இல்ல. டா வின்சியோட மோனாலிசாவுக்கு அதே பட்டறையில, அதே காலத்துல செஞ்ச ஒரு நகல் பிராடோவுல இருக்கு. பின்னாடி யாரோ கறுப்பு அடிச்சு மூடி வச்சிருந்தாங்க. 2012-ல் சுத்தம் பண்ணிக் காட்டினப்போ நீல மலை, சிவப்புச் சட்டைக் கை, புருவம் எல்லாம் இருந்துச்சு. பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கிற மூலப் படம் வார்னிஷ் மஞ்சளாகி மங்கி நிக்குது. அதைப் பார்த்து நகல் எடுக்கிறவங்க மஞ்சள் வார்னிஷையும் சேர்த்து ஓவியர் கணக்குல எழுதிடறாங்க. டச்சு ஓவியர் வெர்மீரோட முத்துத் தோட்டுப் பெண்ணும் அப்படித்தான். அந்தக் கறுப்புப் பின்னணி முதல்ல பச்சைத் திரையா இருந்துச்சுன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்க, நிறம் போயிடுச்சு. ஆளாளுக்கு ஐவரி பிளாக்கை எடுத்து அப்பிக்கிட்டு இருக்கோம்.

அரூர்க்காரி

ஒரு சந்தேகம். நீங்க எல்லாரும் சொல்றது வெள்ளைக்காரங்க முகம். நான் ஒரு டச்சுக்காரரைப் பார்த்துப் பழகி, அந்த ரோஸ் கலவையை எங்க அப்பாவுக்குப் போட்டேன்னா அவர் காய்ச்சல் வந்த ஆள் மாதிரி இருப்பார். கறுப்பு சேர்த்து இறக்கினா கரி பூசின மாதிரி ஆகுது. நம்ம தோலுக்கு எந்தப் பழைய ஓவியர்கிட்ட போறது?

பென்னாகரம்_டீச்சர்

நல்ல கேள்வி கண்ணு. ஹுவான் தே பரேஹா படத்தைப் பாரு. வெலாஸ்கெஸ் 1650-ல் ரோம்ல வரைஞ்சது, இப்போ நியூயார்க் மெட் மியூசியத்துல இருக்கு. பரேஹா அப்போ வெலாஸ்கெஸோட அடிமை, ஆப்பிரிக்க வம்சாவளி. அதே வருஷம் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பரேஹாவும் பின்னாடி ஓவியரானார். மெட்டும் பெரிய ஃபைல் இலவசமாத் தருது.

அந்த நெத்தியைப் பார். பழுப்புத் தோல் மேல வெளிச்சம் படுற இடம் வெளிறின மஞ்சள் இல்ல, லேசா சாம்பல் கலந்த குளிர்ந்த நிறம். நிழல்தான் சூடா, செம்பழுப்பா இருக்கு. நாம தலைகீழா செய்வோம். வெளிச்சத்துக்கு மஞ்சள், நிழலுக்குக் கறுப்பு. கரி பூசின மாதிரி ஆகுறது அதனாலதான். வெள்ளை, எல்லோ ஆக்கர்ங்கிற மண் மஞ்சள், வெர்மிலியன் மாதிரி ஒரு சிவப்பு, ஐவரி பிளாக், இந்த நாலே போதும். ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பேர்ல சொல்ற பேலட் இதுதான். செம்பழுப்புக்குப் பக்கத்துல கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை வச்சா நீலமாவே தெரியும். நம்ம முகத்துக்கு சிவப்பையும் ஆக்கரையும் முதல்ல கலந்து நடு டோனைப் பிடிச்சுடு. அங்கிருந்து மேல, கீழ போ. அப்பா ஷேவ் பண்ணுவார்னா தாடைப் பக்கம் அந்தச் சாம்பலைக் கொஞ்சம் சேர்.

மாங்கா_மண்டி

ஓவியம் தெரியாது, கடைக் கணக்கு தெரியும். இப்படி நகல் எடுத்ததை விக்கலாமா? எங்க மண்டிக்கு ஒரு பழைய காலத்து லட்சுமி வேணும், பெருசா.

பழைய_வார்னிஷ்

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த அடுத்த வருஷத்துலயிருந்து 60 வருஷம் காப்புரிமை. ரவி வர்மா 1906-ல் இறந்துட்டார், தாராளமா விக்கலாம். காலண்டர் சாமி படம் வரைஞ்ச கோவில்பட்டி கொண்டையா ராஜு 1976-ல் இறந்தவர், 2036 முடியுற வரைக்கும் அவர் படத்துக்கு உரிமை உண்டு. வீட்டுல வச்சுப் பழகறது வேற, காசுக்கு விக்கிறது வேற. பழைய ஓவியர் கையெழுத்தை மட்டும் போடாதீங்க. பின்பக்கம் "இன்னார் படத்தைப் பார்த்து இன்னார் வரைந்தது"ன்னு எழுதிடுங்க. லூவ்ர்ல உட்கார்ந்து நகல் எடுக்கிறவங்களுக்கு மூலத்தோட அதே அளவுல செய்யவே அனுமதி கிடையாது, போலி ஆயிடக்கூடாதுன்னு.

அரூர்க்காரி

நம்ம பக்கத்துலயே நகல் எடுக்கிற மாதிரி பழைய ஓவியம் எதுவும் இல்லையா? அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்துல இருக்கே?

தகடூரான்

இருக்கும்மா. மேல அண்ணாந்து பார்த்தே கழுத்து புடிச்சுக்கும். கோடு ஒவ்வொண்ணும் தயங்காம ஓடும். ஸ்கெட்ச் நோட்டு எடுத்துட்டுப் போய்ப் போடு, சுவரைத் தொடாதே. ஆனா அது ஆள் ஜாடை ஓவியம் இல்ல. வரிசையா நிக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கண்ணு. கோட்டுக்கு அது, நிழலுக்கு டீச்சர் சொன்ன டச்சுக்காரர்.

கிருஷ்ணகிரி_தூரிகை

எல்லாருக்கும் நன்றி. ரெம்பிராண்ட் பிரின்ட் எடுத்து ஆரம்பிச்சுட்டேன், பர்ன்ட் அம்பர் மட்டும். கட்டம் போடல. (தகடூரான் அண்ணா, ரெண்டு கோடு மட்டும் போட்டுக்கிட்டேன், குறுக்கயும் நெடுக்கயும்.) கண்ணு இருக்கிற இடத்துல கண்ணு எழுதாம இருக்கிறதுதான் பெரிய வேலையா இருக்கு. கை தானா போய் இமை போடுது.

மூணு விஷயம் கேக்கணும். தலைமுடியில மெல்லிசா வெளிர் கோடு கோடா இருக்கே, அது என்ன பிரஷ்? வெள்ளை சேர்த்தாலே எனக்கு சுண்ணாம்பு மாதிரி ஆகுது, ஏன்? அடுத்தது, இது முடிஞ்சதும் எத்தனை நகல் எடுத்தா போதும்?

பென்னாகரம்_டீச்சர்

அது பிரஷ் முடியே இல்ல தம்பி. பிரஷைத் திருப்பிப் பிடிச்சு, காம்பு நுனியால ஈரப் பெயின்ட்டைக் கீறியிருக்கார். அடியில இருக்கிற வெளிர் நிறம் எட்டிப் பார்க்குது. அதுக்கு அடிப்பூச்சு முதல்ல காய்ஞ்சிருக்கணும், மேல இருக்கிற இருட்டு ஈரமா இருக்கணும். பழைய வார்னிஷ் சார் சொன்ன வரிசை இங்க கண்ணுக்கு முன்னாடி நிக்குது பாருங்க. இதை அக்ரிலிக்ல செய்யறது கஷ்டம், நம்ம சித்திரை வெயில்ல தட்டுல வச்சதும் காய்ஞ்சுடும். ஆயில்னா நேரம் கொடுக்கும். பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காயுற நிறம், அடிப்பூச்சுக்குத் தோது. ஐவரி பிளாக் மெதுவா காயும், அதை அடியில கெட்டியாப் போட்டு மேல சீக்கிரம் காயுறதைப் பூசினா பின்னாடி வெடிக்கும்.

சுண்ணாம்பு மாதிரி ஆகுறதுக்குக் காரணம் டைட்டானியம் வெள்ளை. அந்தக் காலத்துல ஈய வெள்ளை, அது மென்மையா, கொஞ்சம் ஒளி ஊடுருவும். டைட்டானியம் முரடு, எல்லாத்தையும் மூடிடும். ஈயம் விஷம், அது வேண்டாம். வெள்ளையைப் பாதியாக் குறைங்க, வெளிச்சத்துக்கு ஆக்கரை முன்னாடி அனுப்புங்க.

ஓசூர்_ஷிஃப்ட்

கடை வச்சிருக்கீங்க, அதனால சொல்றேன். லின்சீட் ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது காயும்போது தானா சூடாகும், தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போட்டு, தண்ணியில நனைச்சுத் தூக்கிப் போடுங்க. பிரேம் கடை முழுக்க மரச்சட்டம்.

பழைய_வார்னிஷ்

எத்தனை நகல்ங்கிறதுக்கு எண்ணிக்கை கிடையாது. இங்கிலாந்து ஓவியர் ரெனால்ட்ஸ் 1769-ல் லண்டன் ராயல் அகாடமி மாணவர்களுக்குப் பேசினப்போ நகல் எடுக்கிறதைக் கொஞ்சம் கடிஞ்சே பேசினார். கை ஓடிக்கிட்டே இருக்கும், மூளை தூங்கிடும், வேலை செஞ்ச மாதிரி ஒரு நினைப்பு மட்டும் மிஞ்சும்ங்கிறது அவர் கட்சி. அதுக்கு அவர் சொன்ன மாற்றுதான் எனக்குப் பிடிச்சது. ஒரு பெரிய ஓவியரோட படத்தை எடுத்துக்க, அதுக்கு ஜோடியா நீயே ஒண்ணு வரை, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார். தப்பு எங்கன்னு வாத்தியார் வாயால கேட்கிறதைவிட நல்லாத் தெரியும்.

உங்களுக்கு அது சுலபம். கடை ஷட்டரைப் பாதி இறக்கினா ஒரே பக்கத்து வெளிச்சம். ரெம்பிராண்ட் படத்துல எந்தக் கோணத்துல விழுதோ அதே கோணத்துல ஒரு ஆளை உட்கார வைங்க. அதே அளவு, நகலுக்கு எடுத்த அதே கலர். ஒரு நகல், ஒரு ஜோடி, அடுத்த ஓவியர். உங்க ஆர்டர் படங்களுக்கும் இதுதான் கைகொடுக்கும். ஆதார் போட்டோவுல நேரா அடிச்ச ஃப்ளாஷ்தான் இருக்கும், நிழலே இருக்காது. நிழலை நீங்கதான் கொடுக்கணும். எங்கெங்க விழும்னு நேர்ல பார்த்த ஆள்தான் அதைக் கொடுக்க முடியும்.

மாங்கா_மண்டி

லோடு ஏத்துற ஆளுங்க மத்தியானத்துல சும்மாதான் இருப்பாங்க, அனுப்பட்டுமா? ஆனா உட்கார்ந்தா தூங்கிடுவாங்க.

தகடூரான்

தூங்குற ஆள் வேண்டாம். ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரியில ஒரு கல்யாணம், முடிச்சுட்டு உன் கடைக்கு வர்றேன் தம்பி. நானே உட்கார்றேன். எத்தனையோ முகம் போட்டாச்சு, என் முகத்தை ஒருத்தரும் போட்டதில்ல. அந்த ரெண்டு கோட்டையும் அழிச்சுட்டு வரை. காது எங்க போய் நிக்குதுன்னு டீச்சருக்குப் படம் எடுத்து அனுப்புவோம்.